தண்ணீரில் பங்கு

1

தண்ணீர்த் தொழிலில் பணம் போடலாமா என்ற கேள்வியைப் போட்ட பணம் திரும்புமா என்ற அர்த்தத்தில்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் ஓய்வு பெற்றவர்களின் சேமிப்புக்கு வழி சொல்லும் ஆலோசகர்கள் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஜனத்தொகை கூடுகிறது, நல்ல தண்ணீர் கூடவில்லை, ஆகவே தண்ணீரைச் சுத்தம் செய்கிற, கொண்டுவருகிற, அளந்து கொடுக்கிற கம்பெனிகளின் பங்கு ஏறும். கணக்கு என்ற அளவில் இதில் பெரிய ஓட்டை இல்லை. ஆனால் இந்த வாக்கியத்தை இரண்டாம் முறை வாசிக்கும்போது அந்த 'ஆகவே' உறுத்துகிறது. பற்றாக்குறை, வாக்கியத்தின் முற்பாதியில் ஒரு கஷ்டம். பிற்பாதியில் அதுவே ஒரு நம்பிக்கை. ஒரே மனிதன் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட முடிகிறது. சொல்லும்போது குரல் மாறுவதுகூட இல்லை. அந்த 'ஆகவே' எப்படிச் சாத்தியமாகிறது என்பதே இங்கு என் விசாரணை.

இந்தப் பக்கங்களை வாசிக்கும் நண்பர்களில் பலருக்குப் பங்குச் சந்தை என்ற சொல்லே முகச்சுளிப்பைத் தரும். எழுதுகிறவன் சந்தைக்கு வெளியே நிற்கிறவன் என்ற பாவனை நம்மிடையே வெகுகாலமாக உண்டு. அது பாவனைதான். சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிற எழுத்தாளர் நம்மில் ஏராளம். அந்த நிதியின் ஒரு பகுதி 2015 ஆகஸ்ட் முதல் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதிகளுக்குப் போகிறது. அந்தக் குறியீடுகளில் லார்சன் அண்ட் டூப்ரோ இருக்கிறது. அதன் கட்டுமானப் பிரிவுக்குத் தலைமையகம் சென்னை மணப்பாக்கத்தில். குடிநீர்த் திட்டங்களும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அது செய்யும் வேலைகளில் சேரும். ஆக, தண்ணீர்த் தொழிலில் நாம் ஏற்கனவே பங்குதாரர்கள். யாரும் நம்மைக் கேட்டுக்கொண்டு ஆக்கவில்லை. 'நான் பங்கு வாங்குவதில்லை' என்று சொல்லி இந்தக் கேள்வியிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. எனவே, தொடுவது பாவமா என்று கேட்பதை விட்டு, தொட்ட பிறகு நம்முடைய நிலை என்ன என்று கேட்பதே நேர்மை.

2

பங்கு என்ற சொல் கம்பெனிச் சட்டத்தோடு தமிழுக்கு வந்து சேர்ந்ததல்ல. ஏரிப் பாசன ஊர்களில் அது தண்ணீரோடு சேர்ந்தே வழங்கிவந்த சொல். மடை திறந்தால் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், யாருக்குப் பிறகு யார் என்பதெல்லாம் பங்கும் முறையும். நீர் பாய்ச்சுவதற்கென்றே ஊரில் ஒருவன் இருந்தான். பங்கு உள்ள குடும்பம் கோடையில் ஏரிக்கரைக்கு மண் போடவும் வரத்துக் கால்வாயைத் தூர் வாரவும் ஆள் அனுப்பியாக வேண்டும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். இந்த வேலையைச் சட்டத்தின் மூலம் கட்டாயப்படுத்தும் அவசியம் 1858-ல் சென்னை மாகாண அரசாங்கத்துக்கு வந்தது. வழக்கம் ஏற்கனவே குலையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி.

இதை ஒரு பொற்காலமாகத் தீட்டிக் காட்டுவது என் உத்தேசம் இல்லை. கரைக்கு மண் சுமந்தவர்களில் பலருக்கு ஏரியில் பங்கே கிடையாது. ஊர்க் கிணற்றை நெருங்கவே முடியாத ஜனங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்துப் புண்ணியம் தேடியவர்களும் குவளையை யார் தொடலாம் என்பதில் தெளிவாகவே இருந்தார்கள். தண்ணீரை விற்பது பாவம் என்று இன்று மேடையில் முழங்குகிறவர்கள், விலையில்லாத அந்தத் தண்ணீர் யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் ஜாதி கேட்பதில்லை. காசு மட்டுமே கேட்கின்றன. சந்தைக்குச் சாதகமாகச் சொல்லக்கூடியவற்றில் இது சிறிய விஷயமல்ல.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பின்பும் பழைய பங்கில் ஒரு அம்சம் மிஞ்சுகிறது. அதில் பயனும் கடமையும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. கரை உடைந்தால் பங்குக்காரன் மண்வெட்டியோடு போக வேண்டும். பங்கை வைத்துக்கொண்டு கரையை மறக்க முடியாது. மறந்தால் அடுத்த வருஷம் பங்கில் தண்ணீர் இருக்காது.

சென்னை நகரத்தின் சரித்திரத்தில் 1872 ஒரு விநோதமான வருஷம். செங்குன்றம் ஏரியிலிருந்து வாய்க்கால் வெட்டி நகரத்துக்குப் பொதுக் குடிநீர் வந்தது அந்த வருஷம். மயிலாப்பூரில் ஹிந்து பர்மனென்ட் ஃபண்ட் என்ற நிதி ஸ்தாபனம் தொடங்கியதும் அதே வருஷம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனால் பலர் பணத்தைச் சேர்த்துப் பலருக்குப் பயன்பட வைக்கும் இரண்டு வழிகள் இந்த நகரத்தில் ஒரே சமயத்தில் ஊன்றின. ஒன்றில் எல்லோரும் வரி கொடுத்து எல்லோரும் குடிப்பது. மற்றதில் அங்கத்தினர் போட்டு அங்கத்தினரே கடன் வாங்குவது. நிதியில் கடன் கொடுக்கிறவனுக்கு வாங்குகிறவன் பக்கத்துத் தெருக்காரன். முகம் தெரிந்துவிட்டால் யோக்கியம் தானாக வந்துவிடும் என்பதில்லை. 2024-ல் வைப்புத் தொகை திரும்பவில்லை என்ற புகார்களின் பேரில் அந்த நிதியின் நிர்வாக இயக்குநர் கைதானார். அப்போது ஏமாந்தவர்களுக்கு ஒன்று மட்டும் இருந்தது: எந்த வாசலில் போய் நிற்பது என்பது தெரிந்திருந்தது.

தண்ணீர்ப் பங்கில் வாசலே கிடையாது. அதை விற்கிற தியாகராய நகரமோ ஒரு ஏரியின் படுகை. மாம்பலத்தின் நீண்ட ஏரியை 1920-களில் வற்றடித்து மனை போட்டு எழுப்பிய நகர் அது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வியூவுக்கு லேக் இல்லை. ஏரியில் பங்கு இருந்த இடத்தில் ஏரியே போய், அந்த இடத்திலிருந்து தண்ணீரில் பங்கு விற்கப்படுகிறது.

3

புதிய பங்கின் குணங்களைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலாவது, அதை வாங்குகிறவன் பெரும்பாலும் தண்ணீருக்குப் பணம் கொடுப்பதில்லை. கம்பெனி முதன்முதலாகப் பங்கு வெளியிடும்போது புதிய பங்குகளுக்குக் கொடுக்கிற பணம்தான் அதன் கஜானாவுக்குப் போகிறது. பிறகு சந்தையில் வாங்குகிற ஒவ்வொருவனும் இன்னொரு பங்குக்காரனுக்குத்தான் பணம் கொடுக்கிறான். வி.ஏ. டெக் வாபாக் சென்னையில் தலைமையகம் வைத்து உலகம் பூராவும் தண்ணீர் நிலையங்கள் கட்டுகிற கம்பெனி. 2010-ல் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுச் சந்தைக்கு வந்தது. இன்று அதன் பங்கை வாங்குகிறவரின் பணத்தில் எங்கும் ஒரு குழாய்கூடப் பதிக்கப்படுவதில்லை. பங்கு விலை உயர்ந்தால் கம்பெனிக்குக் கடன் எளிதாகும், மறைமுகமாக உதவும் என்பது உண்மை. ஆனால் 'நான் தண்ணீருக்காக முதலீடு செய்கிறேன்' என்ற திருப்தி அந்த மறைமுகத்தின் மேல் கட்டிய மாளிகை. அவர் வாங்கியது ஒரு எதிர்பார்ப்பை.

இரண்டாவது, பொறுப்பு. ஆங்கிலச் சட்டத்தில் கடன் கடப்பாட்டைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் பொறுப்பு என்று பெயர்த்தார்கள். 'வரையறுக்கப்பட்ட பொறுப்பு' என்றால், கம்பெனி கடனில் மூழ்கினாலும் பங்குக்காரன் போட்ட பணத்துக்கு மேல் இழக்கமாட்டான் என்று அர்த்தம். ஆனால் தமிழில் பொறுப்பு என்பது கடனை மட்டும் குறிப்பதில்லை. குழந்தையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள் என்கிறோம். பொறுப்பில்லாதவன் என்று திட்டுகிறோம். மொழிபெயர்த்தவர் அறியாமலே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார். இந்த ஏற்பாட்டில் கடனோடு சேர்ந்து தார்மீகமும் வரையறுக்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது, நினைத்தபோது விட்டு விலகும் வசதி. எந்தச் சொத்தைச் சட்டென்று பணமாக்க முடியுமோ அதற்கு நீர்மைத்தன்மை உண்டு என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். நீர்மை என்பதற்குப் பழைய தமிழில் குணம், நல்லியல்பு என்ற பொருள்கள். இன்று விற்றுவிட்டு நாளை மறந்துவிடக்கூடிய தன்மைக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது. தண்ணீர்ப் பங்கின் நீர்மை அதை வைத்திருப்பவன் அந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டியதில்லை என்பதில் இருக்கிறது.

இதன் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். 2020 டிசம்பரில் சிகாகோவின் சி.எம்.இ. சந்தை கலிஃபோர்னியாவின் தண்ணீர் விலையை வைத்து முன்பேர ஒப்பந்தங்களைத் தொடங்கியது. அவற்றில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கைமாறுவதில்லை. முடிவில் தீர்ப்பது பணத்தில். வறட்சி வருமா வராதா என்பதன் மேல் இரு தரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். விவசாயிக்கு இது ஒரு காப்பு என்பார்கள். இருக்கலாம். எதிர்ப்பக்கத்தில் கையெழுத்திடுகிறவனுக்கு வயலே கிடையாது.

இன்னொரு எல்லை லண்டன். தேம்ஸ் தண்ணீர் நிர்வாகம் 1989-ல் தனியாருக்கு விற்கப்பட்டது. 2006 முதல் 2017 வரை அதில் பிரதான முதலீட்டாளர் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி. அந்தக் காலத்தில் கம்பெனியின் கடன் பெருகியது. ஆற்றில் கழிவு விட்டதற்காக 2017-ல் 2 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம். பிறகு அதன் உரிமையாளர் வரிசையில் இருந்தவர்கள் யார் என்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். கனடாவில் ஒன்டாரியோ மாகாண நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. பிரிட்டிஷ் பல்கலைக்கழக ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி. கழிவு ஓடிய ஆற்றின் முதலாளிகளில் தத்துவமும் கவிதையும் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் கொடியவர்கள் இல்லை. தாங்கள் எதற்கு முதலாளி என்பதே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அந்தத் தெரியாமையைத்தான் நிதி என்ற அமைப்பு ஒரு சேவையாக விற்கிறது.

4

இங்கு ஒரு பலமான ஆட்சேபம் எழும். வைத்தியன் நோயால் பிழைக்கிறான். அதற்காக அவன் நோயை விரும்புகிறான் என்று சொல்வோமா? கடல் நீரைக் குடிநீராக்குகிற கம்பெனியும் வைத்தியனைப் போலத்தானே? பற்றாக்குறையை அது உண்டாக்கவில்லை, தீர்க்கிறது. தீர்ப்பவனுக்குப் பணம் கொடுத்தவன் எப்படிக் குற்றவாளி?

இந்த ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. 2019 ஜூனில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவந்த கோடையில், நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல்தான் தென்சென்னையின் குழாய்களில் கொஞ்சமாவது வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடிய அந்த நிலையம் 2013-ல் திறக்கப்பட்டது. கட்டியவர்கள் வாபாக்கும் இஸ்ரேலின் ஐ.டி.இ. கம்பெனியும். அடையாறிலும் திருவான்மியூரிலும் குடம் நிறைத்தவர்களிடம் போய் இந்த லாபம் அசுத்தம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, சொல்லவும் கூடாது.

ஆனால் வைத்தியன் உவமையை முழுக்கத் தொடர்ந்து போனால் அது எங்கே நிற்கிறது என்று தெரியும். வைத்தியன் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறான். மருந்து பக்கவாட்டில் வேறு உபாதை செய்தால் அந்த முனகல் அவன் காதில் விழுகிறது. மத்தியானம் நோயாளியை இன்னொருவனுக்கு விற்றுவிட்டுப் போக அவனால் முடியாது. நெம்மேலி நிலையத்தை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள், நிலையம் வந்த பிறகு கரை அரிக்கிறது என்றும் திருப்பிவிடும் உப்புநீரால் மீன் விலகுகிறது என்றும் புகார் சொல்லிப் போராடினார்கள். அந்தப் புகார் எவ்வளவு தூரம் சரி என்பது தனி விசாரணை. தார்மீகக் கேள்வி அதற்கு முந்தியது: அந்த முனகல் எந்தப் பங்குக்காரனின் காதில் விழுந்தது? நிலையம் அரசாங்கத்தினுடையது, கட்டியதும் நடத்துவதும் ஒப்பந்தக்காரர், ஒப்பந்தக்காரரின் முதலாளிகள் தெருத்தெருவாகச் சிதறிக் கிடக்கிறார்கள். தண்ணீர் குடித்த அடையாறுக்காரரும் அவர்களில் இருக்கலாம். கேட்கவேண்டிய காது எங்கும் இல்லை.

மீஞ்சூர் நிலையம் இன்னொரு பாடம். அதுவும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், திறந்தது 2010-ல். ஐதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல். கம்பெனியும் ஸ்பெயினின் பெஃபேசாவும் சேர்ந்து கட்டின. 25 வருஷத்துக்கு அந்தத் தண்ணீரைக் குடிநீர் வாரியம் கிலோலிட்டர் 48 ரூபாய் 66 காசு என்ற ஆரம்ப விலையில் வாங்குவதாக ஏற்பாடு. போட்ட முதலுக்கு இப்படியொரு உத்தரவாதம் இல்லாவிட்டால் யாரும் கட்டமாட்டார்கள் என்பது நியாயம்தான். அதற்காக நகரம் கொடுத்த விலையில் ரூபாயைத் தவிர வேறொன்றும் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் ஏரி நிரம்பினாலும், கடல் தண்ணீரை வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் குறைகிறது. மழை ஒரு நகரத்துக்கு நிம்மதியாக இருந்தது. ஒப்பந்தம் அதை ஒரு கணக்குச் சிக்கலாக்குகிறது. இத்தனை உத்தரவாதத்துக்குப் பிறகும், வேறு தொழில்களில் வாங்கிய கடன்களால் ஐ.வி.ஆர்.சி.எல். 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதன் பங்குக்காரர்களுக்குப் பங்கு வெறும் காகிதமாயிற்று. தண்ணீர் என்றால் நஷ்டமே வராது என்று ஆலோசகர் சொல்வதற்கு இந்த ஒரு பெயர் பதில்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை இங்கு நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. 1971-ல் கணையாழியில் தொடராக வந்த அந்த நாவலில் இந்த நகரத்தின் ஒரு தெரு, தண்ணீர் இல்லாமலேயே ஒரு சமூகமாகிறது. தண்ணீருக்காக அலைகிறவர்கள் சண்டை போடுகிறார்கள், உதவுகிறார்கள், ஒருவர் வீட்டு விஷயம் ஒருவருக்குத் தெரிகிறது. பற்றாக்குறை அங்கே மனிதர்களை ஒருவர்மேல் ஒருவரை மோதவிடுகிறது. பங்குச் சந்தையில் அதே பற்றாக்குறை யாரையும் யாரோடும் மோதவிடாமல் பார்த்துக்கொள்கிறது. சந்தையின் சாமர்த்தியமும் வறுமையும் இதுவே.

5

சென்னையில் அரைகுறையாகத் தெரிகிற ஒன்று திருப்பூரில் முழுமையாக நடந்து முடிந்திருக்கிறது. இந்தியாவில் தனியார் மூலதனத்தோடு எழுந்த முதல் பெரிய தண்ணீர்த் திட்டங்களில் ஒன்று அது. புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் 1995-ல் உருவானது. தமிழக அரசு, ஐ.எல். அண்ட் எஃப்.எஸ்., திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் மூவரும் அதன் பின்னால். செலவு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்துத் திருப்பூருக்குக் குழாயில் கொண்டுவர ஏற்பாடு. 2005-ல் தண்ணீர் வந்தது. சாயப்பட்டறைகள் உயர்ந்த விலை கொடுக்கும். நகரத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் மிகக் குறைந்த விலை. முன்னவர் கொடுப்பது பின்னவரைத் தாங்கும். காகிதத்தில் இதைவிட அழகான ஏற்பாடு இருக்க முடியாது.

ஆனால் சாயப்பட்டறைகள் அந்தத் தண்ணீரை என்ன செய்தன? நொய்யலில் விட்டன. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக் கழிவு அங்குள்ள விவசாயிகளின் கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது. வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பட்டறைகள் நின்றன, தண்ணீர்க் கம்பெனியின் வருமானம் சரிந்தது. பிறகு கழிவையே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிய பட்டறைகளுக்கு புதுத் தண்ணீர் முன்போலத் தேவைப்படவில்லை. 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். ஸ்தாபனமே கடனில் கவிழ்ந்தது.

பணம் போனவர்களைப் பற்றி நான் இங்கு கவலைப்படவில்லை. கவனிக்கவேண்டியது வேறு. நொய்யல் சுத்தமானால் கம்பெனிக்கு நஷ்டம். நொய்யல் சாகச்சாகக் கம்பெனிக்கு வருமானம். அந்த வருமானத்தின் மேல்தான் ஏழை வீட்டின் மலிவுக் குழாயும் நின்றது. யாரும் திட்டமிட்டு இந்த அநியாயத்தைச் செய்யவில்லை. நல்லெண்ணத்தோடு போட்ட முதல், தன் பிழைப்புக்கே ஒரு ஆற்றின் சாவை எதிர்பார்க்கவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் முதலில் சொன்ன 'ஆகவே' இங்கு உடம்பெடுத்து நிற்கிறது.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைப்பதாக எனக்குப் படுகிறது. தண்ணீரில் போட்ட பணம் லாபம் தரலாம்; லாபமே குற்றம் என்கிற சுலபமான சித்தாந்தம் குழாய் பதிக்க உதவாது. கேட்கவேண்டியது இது: என் லாபம் பெருக, யாருடைய தாகமாவது, எந்த ஆறாவது இன்னும் மோசமாகவேண்டுமா? வேண்டும் என்றால் நான் வாங்கியிருப்பது பங்கல்ல, ஒரு கெட்ட ஆசை. அதை என் அனுமதி இல்லாமலே என்னுள் வளர்த்துவிடும் கருவி அது.

6

இந்த அளவுகோலில் தேறுகிற முதலீடுகள் இல்லாமலில்லை. அவற்றில் ஒன்று அடையாற்றுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் நடந்தது. ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர். 2000-ம் ஆண்டு வாக்கில் அந்தத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டது நகராட்சி. வராத சாக்கடைக்குப் பணமா என்று சிரித்தவர்கள் உண்டு. ஜனங்கள் கொடுத்தார்கள், தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுச் சம்மதிக்க வைத்த பிறகு கொடுத்தார்கள். மிச்சத்துக்குக் கடன் வாங்கிக் கட்டினார்கள். கட்டிக்கொடுத்தது, பிற்பாடு திவாலான அதே ஐ.வி.ஆர்.சி.எல்.தான். ஆகவே தனியார் கம்பெனி என்பது இங்கு பிரச்னையே இல்லை. அந்த 5,000 ரூபாய்க்கு ஈவுத்தொகை கிடையாது; விற்கவும் முடியாது. கொடுத்தவனுக்குக் கிடைத்தது ஒரு இணைப்பு. கூடவே, வேலை தாமதமானால் நகராட்சி வாசலில் போய்ச் சத்தம் போடும் உரிமை. பயனும் கடமையும் ஒரே கையில் இருந்த பழைய பங்கு, ஜாதியைக் கழித்துவிட்டு, ஒரு புறநகரில் சிறிது காலம் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

மழைநீர்க் குழியும் அப்படித்தான். 2003-ல் தமிழகத்தில் அது கட்டாயமானது. மயிலாப்பூரில் ஒருவர் தம் வீட்டு மொட்டைமாடி மழையைக் குழியில் இறக்கினால், அவருடைய போர் மட்டும் நிரம்புவதில்லை. எதிர்வீட்டுக் கிணற்றிலும் மட்டம் ஏறுகிறது. அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரர்தான் என்றாலும் ஏறுகிறது. பயனை வேலி போட்டுப் பிடிக்க முடியாத முதலீடு இது. அதனால்தான் எந்தத் தரகரும் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

கடன் பத்திரம் இவற்றுக்கும் பங்குக்கும் நடுவில் நிற்கிறது. தமிழகத்தின் பல சிறு நகராட்சிகள் சேர்ந்து தண்ணீருக்கும் சாக்கடைக்குமாக 2002-ல் ஒரு கூட்டு நிதி மூலம் 30 கோடி ரூபாய் திரட்டின. 2025 மே மாதத்தில் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது, கொசஸ்தலையாற்றுப் படுகையின் மழைநீர் வடிகாலுக்காக. பத்திரக்காரனுக்கு வட்டி நிர்ணயமானது. வறட்சி வந்தால் அது கூடாது. வெள்ளம் வந்தால் குறையாது. பங்கைவிட மந்தமான வருமானம். அந்த மந்தம்தான் அதன் தர்மம்: ஊர் கெட்டால் எனக்கு லாபம் என்ற இடத்துக்கு அது என்னைக் கொண்டுபோவதில்லை. ஊர் நன்றாக நடந்தால் என் பணம் திரும்பும் என்ற இடத்தில் நிறுத்துகிறது.

பங்கு வாங்கியே தீருவேன் என்கிறவருக்கும், வைப்பு நிதியின் வழியாக வாங்கவைக்கப்பட்டிருக்கிற நமக்கும் என்ன சொல்வது? இங்குதான் பொதுவான எண்ணத்துக்கு மாறான ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நேரடியாகப் பங்கு வாங்குவது சூதாட்டம், நிதி மூலம் போடுவது கண்ணியம் என்று நடுத்தர வர்க்கம் நினைக்கிறது. பண விஷயத்தில் அது விவேகமாக இருக்கலாம். தார்மீகத்தில் நேர் எதிர். ஒரே ஒரு பங்கு கையில் உள்ளவன் கம்பெனியின் வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் கலந்துகொண்டு கேள்வி கேட்க முடியும். சூளேரிக்காட்டுக்குப்பத்தின் கரையைப் பற்றி அவன் கேட்கலாம். பதில் கிடைக்காமல் போகலாம், ஆனால் கேட்டது நடவடிக்கைக் குறிப்பில் ஏறலாம். நிதியில் போட்டவனுக்கு அந்த நாற்காலி இல்லை. அவன் சார்பில் நிதி மேலாளர் ஓட்டுப் போடுகிறார். எப்படிப் போட்டார் என்பதைப் பரஸ்பர நிதிகள் வெளியிட்டாகவேண்டும் என்ற விதி இருக்கிறது. வாசிப்பவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. கை அழுக்காகாமல் இருப்பதற்காக நாம் கொடுக்கும் விலை, நம் வாயை இன்னொருவரிடம் ஒப்படைப்பது.

தண்ணீர்ப் பங்கு வைத்திருப்பவர் குறைந்தபட்சம் செய்யக்கூடியது அந்த நாற்காலியில் போய் உட்காருவது. எங்கிருந்து எடுக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள், யாருக்கு நிறுத்துகிறார்கள் என்று கேட்பது. ஏரிக்கரைக்கு மண்வெட்டியோடு போவதற்கு இது ஈடாகாது. ஆனால் அதன் வம்சத்தில் வந்த ஒரு காரியம். அதற்கும் நேரமில்லை, விலை ஏறினால் போதும் என்கிறவர், தம்மிடம் இருப்பதைப் பங்கு என்று சொல்லாமல் இருக்கலாம். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது.